கிரௌஸ் பறவையின் வயிற்றில் எத்தனை புழு?

எட்வர்ட் வில்சன் என்ற பெயரைக் கேட்டால் தென் துருவம்தான் ஞாபகம் வரும். கேப்டன் ஸ்காட்டோடு 1912 ஜனவரியில் துருவத்தை எட்டி, திரும்பும் வழியில் பசியிலும் குளிரிலும் ஸ்காட்டின் பக்கத்திலேயே கூடாரத்துக்குள் உயிரைவிட்ட மருத்துவர். நன்றாகப் படம் வரையக்கூடியவர், பறவைகள் என்றால் உயிர். ஆனால் அந்தப் பயணத்துக்கு முந்தைய சில ஆண்டுகள் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. செத்த பறவைகளின் வயிற்றை அறுத்து, உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு இல்லை, ஏறத்தாழ 2000 பறவைகள். ஒட்டுண்ணிப் புழுக்களைப் பற்றிய ஆராய்ச்சி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது. வில்சன் தொடங்கியதை முடிக்க ஏறக்குறைய 90 வருடம் ஆனது, முடிந்ததா என்று இன்னும்கூட வாதம் நடக்கிறது.

பறவையின் பெயர் ரெட் கிரௌஸ். நம் ஊர்க் கவுதாரியை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பெரியது, செம்பழுப்பு நிறம், காலில் விரல் வரைக்கும் இறகு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மட்டும்தான் உண்டு. மரமே இல்லாத, காற்றடிக்கும், ஈரம் ஊறிய மேட்டு நிலங்களில் வாழும். அந்த நிலங்களை மூர் என்பார்கள். அங்கே ஹெதர் என்ற குட்டைப் புதர்ச்செடி கண்ணுக்கெட்டிய தூரம் படர்ந்திருக்கும், கிரௌஸ் பெரும்பாலும் அதன் கொழுந்தைத்தான் தின்று வாழ்கிறது. ஆகஸ்ட் 12ஆம் தேதி வேட்டைப் பருவம் தொடங்கும். பெரிய நிலக்கிழார்களுக்கு அது கௌரவமும் வருமானமும் சேர்ந்த விஷயம், அதனால் எந்த வருடம் எத்தனை பறவை சுட்டோம் என்று பண்ணைக்குப் பண்ணை நோட்டுப் போட்டு எழுதி வைத்தார்கள். பிற்கால விஞ்ஞானிகளுக்கு அந்த நோட்டுகள் புதையலாக அமைந்தன.

அந்தக் கணக்குகளில் ஒரு விநோதம் தெரிந்தது. சில வருடம் பறவைகள் ஏகமாகப் பெருகும், அப்புறம் திடீரென்று சரியும், பிறகு மெல்ல மெல்ல ஏறும், மறுபடி சரியும். வட இங்கிலாந்தில் இந்தச் சுற்று ஒவ்வொன்றும் நாலு முதல் எட்டு வருடம். சரிவு வரும் வருடத்தில், வசந்த காலத்தில், மார்பெலும்பு கத்தி மாதிரித் துருத்திக்கொண்டு எலும்பும் தோலுமான பறவைகள் ஹெதருக்கு நடுவே செத்துக் கிடக்கும். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'கிரௌஸ் நோய்'. நோய் என்று பெயர் வைத்தாயிற்று, காரணம்தான் தெரியவில்லை.

புழுவைப் பார்க்காமல் இல்லை. 1873லேயே ஸ்பென்சர் கோபோல்ட் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளர், செத்த கிரௌஸின் குருட்டுக்குடலில் (சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் கிளைக்கும், மறுமுனை மூடிய குடல்) மயிரிழை மாதிரி மெல்லிய உருளைப்புழுக்கள் மொய்த்திருப்பதைக் கண்டு, இவைதான் காரணம் என்று எழுதினார். ஆனால் அந்தக் காலம் நுண்ணுயிரிகளின் காலம். பாஸ்டரும் கோக்கும் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது, புழுவை யார் மதிப்பார்கள்? எட்வர்ட் கிளைன் என்ற பேர்பெற்ற பாக்டீரியா ஆய்வாளர் 1892இல் ஒரு புத்தகமே எழுதி, இது பாக்டீரியாவால் வரும் தொற்று என்றார். புழுவுக்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதம் ஒன்று, கேட்பதற்குப் பலமானது: நன்றாகக் கொழுத்த, ஆரோக்கியமான பறவையை அறுத்துப் பார்த்தாலும் அதே புழு இருக்கிறதே, அப்புறம் அது எப்படி நோய்க்குக் காரணமாகும்?

எனக்கு இந்தக் கேள்விதான் முழு விஷயத்தின் மையமாகப் படுகிறது. காலராக் கிருமி உங்கள் குடலுக்குள் போனால் அது தானே பெருகிக்கொள்ளும், பத்து நுழைந்ததா ஆயிரம் நுழைந்ததா என்பது கொஞ்ச நேரத்தில் பெரிய வித்தியாசமாக இருக்காது. உருளைப்புழு அப்படி இல்லை. ஒரு புழு குடலுக்குள் போனால் ஒரு புழுதான். அது முட்டை போடும், ஆனால் அந்த முட்டை எச்சத்தோடு வெளியே போய், மண்ணில் பொரிந்து, வளர்ந்து, மறுபடி வாய்வழியாக உள்ளே வந்தால்தான் அடுத்த புழு. ஆகவே ஐம்பது புழு உள்ள பறவையும் பத்தாயிரம் புழு உள்ள பறவையும் ஒன்றல்ல. 'இருக்கிறதா இல்லையா' என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். 'எத்தனை' என்று கேட்க ஆள் வேண்டியிருந்தது.

1905இல் லோவட் பிரபுவின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். ஸ்காட்டின் முதல் அண்டார்க்டிகா பயணத்தில் போய்வந்திருந்த வில்சன் கள ஆய்வாளர் ஆனார். கேம்பிரிட்ஜின் ஆர்தர் ஷிப்லி, ராபர்ட் லீப்பர் போன்ற புழு நிபுணர்கள் உள்ளே இருப்பது என்ன என்று பார்த்துச் சொன்னார்கள். பல மூர்களிலிருந்தும் பறவைகள் வந்தன. வில்சன் ஒவ்வொன்றையும் எடைபோட்டார், ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தத் தேதி, இறகு எந்த நிலையில் இருக்கிறது, குடலில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். அழுகத் தொடங்கிய பறவையின் குடலைப் பிரித்துப் பார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். அதை வருடக்கணக்கில் செய்தார்.

கண்ணைப் பறிக்கும் சந்தேக நபர் ஒருவர் அங்கே இருந்தார். கிரௌஸ் குடலில் பெரிய நாடாப்புழு இருக்கும், பார்த்தவுடனே தெரியும், யாரைக் கேட்டாலும் இதுதான் கொலைகாரன் என்று சொல்லிவிடுவார்கள். குழு போய் நின்ற இடமோ வேறு. ஒரு சென்டிமீட்டர் அளவே நீளமுள்ள, வெறும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத உருளைப்புழு. இன்று அதை டிரைகோஸ்ட்ராங்கைலஸ் டெனுயிஸ் என்கிறோம். ஆரோக்கியமான பறவைகளிலும் அது இருந்தது, உண்மைதான். ஆனால் நலிந்து செத்த பறவைகளில் அது ஆயிரக்கணக்கில் இருந்தது. கோபோல்ட் சொன்னது சரி, அவரை மறுத்தவர்கள் பார்த்த உண்மையும் சரி, எண்ணிப் பார்த்ததும் இரண்டும் ஒத்துப்போய்விட்டன.

1911இல் அறிக்கை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தபோது வில்சன் அண்டார்க்டிகாவில் இருந்தார். திரும்பி வரவே இல்லை. 1912 நவம்பரில் அந்தக் கூடாரத்தைக் கண்டுபிடித்த தேடல் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எட்வர்ட் அட்கின்சன், கடற்படை மருத்துவர், அவரும் ஒட்டுண்ணிப் புழு ஆய்வாளர்தான். அந்தப் பயணத்தில் கிடைத்த புழுக்களை அவரும் லீப்பரும் சேர்ந்து ஆராய்ந்து 1914இல் வெளியிட்டார்கள். ஒரு சுறாவில் கிடைத்த உருளைப்புழுவின் பேரினத்துக்குத் தங்கள் கப்பலின் பெயரையே வைத்தார்கள்: டெரனோவா. காட் மீன் சதையில் சுருண்டு கிடந்து ஐரோப்பிய மீன் வியாபாரிகளுக்குத் தலைவலி கொடுக்கும் புழு சூடோடெரனோவா, அதன் பெயருக்குள்ளும் அந்தக் கப்பல் இருக்கிறது.

சரி, கிரௌஸுக்கு வருவோம். வில்சன் விட்டுப்போன இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. மெலிந்த பறவையில் புழு அதிகம் என்று காட்டினார்கள். ஆனால் புழுவால் மெலிந்ததா, மெலிந்ததால் புழு ஏறியதா? தீவனம் இல்லாமல் நலிந்த பறவைக்குப் புழு எளிதில் பிடித்திருக்கலாமே? 1950களிலிருந்து ஸ்காட்லாந்து மூர்களில் வேலை செய்த டேவிட் ஜென்கின்ஸ், ஆடம் வாட்சன், அவர்களுக்குப் பின் ராபர்ட் மாஸ் போன்றவர்கள் புழுவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். சேவல்கள் இலையுதிர் காலத்தில் இடத்துக்காகச் சண்டை போடும், இடம் கிடைக்காத பறவை குளிர்காலத்தைத் தாண்டாது, எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அந்தச் சண்டைதான் என்பது அவர்கள் கட்சி. வருடக்கணக்காகப் பறவைகளைப் பார்த்துச் சொன்னது, லேசில் ஒதுக்கிவிட முடியாது.

சூழலியலாளர் பீட்டர் ஹட்சன் வட இங்கிலாந்தில் இந்த ஆய்வைக் கையில் எடுத்தபோது புழுவின் வாழ்க்கையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும்.

ஹெதர் நார் நிறைந்த தீனி. அதைச் செரிக்க கிரௌஸுக்கு இரண்டு நீண்ட குருட்டுக்குடல்கள், ஒவ்வொன்றும் அரை மீட்டருக்கு மேல், ஒரு கையளவே உள்ள பறவையின் உடம்புக்குள். புழு குடியிருப்பது அங்கேதான், குடல் சுவரின் சவ்வுக்குள் துளைத்துக்கொண்டு. குருட்டுக்குடலிலிருந்து வரும் எச்சம் தனி வகை, கறுத்து, பிசுபிசுவென்று இருக்கும், முட்டைகள் அதில் வெளியே வரும். ஈரமும் கதகதப்பும் இருந்தால் பொரிந்து, இளம்புழு அந்த எச்சத்திலுள்ள பாக்டீரியாவைத் தின்று இரண்டு முறை தோலுரிக்கும். மூன்றாம் நிலையில் அது தின்பதை நிறுத்திவிட்டு, செடியின் மேல் படிந்த நீர்ப்படலத்தில் நெளிந்து நெளிந்து ஹெதரின் நுனிக்கு ஏறும். கிரௌஸ் கொத்துவது அந்த நுனியைத்தான். இடையில் நத்தையோ பூச்சியோ வேறு எந்த உயிரும் தேவையில்லை. வெயில் காய்ந்தால் இளம்புழு சாகும், மழையும் மிதமான சூடும் சேர்ந்தால் கொண்டாட்டம்.

இன்னொரு சாமர்த்தியமும் அதற்கு உண்டு. இலையுதிர் காலத்தில் உள்ளே போகும் இளம்புழுக்களில் நிறைய வளராமல் அப்படியே குடல் சவ்வுக்குள் உறங்கும். வசந்தம் வந்ததும் எல்லாம் ஒன்றாக விழித்து வளரத் தொடங்கும். பெட்டை முட்டையிடத் தயாராகும் நேரமும் அதுவே. குளிர்காலம் முழுதும் அரைகுறையாகத் தின்று உடம்பு இளைத்த பெட்டைக்கு, முட்டைக்குச் சத்து சேர்க்க வேண்டிய வேளையில், குடல் சுவரில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான துளைகள். வசந்தத்தில் ஏன் பறவைகள் செத்துக் கிடந்தன என்ற வில்சன் காலத்துக் கேள்விக்கான விடை இந்த உறக்கத்தில் இருக்கிறது.

ஹட்சன் செய்தது நேரடியான சோதனை. பெட்டைகளைப் பிடித்து, சிலவற்றுக்கு மட்டும் குடற்புழு மருந்து வாயில் ஊற்றினார், மற்றவற்றை அப்படியே விட்டார். மருந்து குடித்தவை கூடுதல் குஞ்சுகளை வளர்த்தெடுத்தன. 1986இல் அதை வெளியிட்டார். 'புழுவால் மெலிவா, மெலிவால் புழுவா' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி இல்லை, புழுவை மட்டும் எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது.

பிறகு வந்த ஒரு ஆய்வை நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன். அடைகாக்கும் கிரௌஸ் பெட்டை அசையாமல் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், அந்த நாட்களில் அதன் உடம்பு வாசனையும் குறையும், நரி மோப்பம் பிடிக்கக் கூடாதல்லவா. ஹட்சனும் ஆண்டி டாப்சனும் டேவ் நியூபார்னும் 1992இல் எழுதியதன்படி, பழக்கிய வேட்டை நாய்கள் மருந்து குடித்த பெட்டைகளை அவ்வளவாகக் கண்டுபிடிக்கவில்லை, புழு நிறைந்த பெட்டைகளை மோப்பத்தால் எளிதில் பிடித்தன. குடல் கெட்டால் வாசனையை அடக்க முடியாமல் போகிறது என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் நரி தூக்கிக்கொண்டு போன பறவையின் சாவை எந்தக் கணக்கில் எழுதுவது, நரிக் கணக்கிலா, புழுக் கணக்கிலா?

இப்போது சுற்றுக்கு வருவோம். ஒரு பெட்டைக்குக் கெடுதல் என்று காட்டுவது வேறு, அதனால்தான் மொத்தக் கூட்டமும் சில வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று காட்டுவது வேறு. இதற்குக் கணக்கு வேண்டும். ராய் ஆண்டர்சனும் ராபர்ட் மேயும் 1978இல் அதற்கான சமன்பாடுகளைக் கொடுத்திருந்தார்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் இப்படி: பெரும்பாலான விலங்குகளில் புழு சமமாகப் பரவியிருக்காது, பத்தில் ஒன்றிரண்டு உடம்பில்தான் பெரும்பகுதி குவிந்திருக்கும். அந்த ஒன்றிரண்டு செத்தால் அவற்றோடு புழுக்களும் மொத்தமாகப் புதைந்துபோகும், ஆகவே கொல்லும் புழு தன் தொகையைத் தானே குறைத்துக்கொள்கிறது, கூட்டம் நிலையாக இருக்கும். கிரௌஸில் இரண்டுமே மாறிப்போயிருக்கின்றன. புழு ஓரளவு எல்லாப் பறவைகளிலும் பரவலாக இருக்கிறது. அதன் முக்கியமான கெடுதல் சாவு அல்ல, குஞ்சு குறைவது. குஞ்சு பொரிக்காத பெட்டை உயிரோடு நடமாடி, நாள்தோறும் முட்டை நிறைந்த எச்சத்தை ஹெதர் நடுவே போட்டுக்கொண்டே இருக்கும், பறவை எண்ணிக்கை இறங்கத் தொடங்கிய பிறகும் நிலத்தில் இளம்புழுவின் எண்ணிக்கை குறையாது. அந்தத் தாமதம்தான் ஊஞ்சலைத் தள்ளுகிறது. உடனே கொல்லும் புழுவைவிடக் கொல்லாமல் வைத்திருக்கும் புழு ஒரு கூட்டத்தை அதிகம் ஆட்டிவைக்கும் என்பது எனக்கு முதலில் நம்பவே முடியாத விஷயமாக இருந்தது.

இதையும் களத்தில் சோதித்தார்கள். வட இங்கிலாந்தில் ஆறு கிரௌஸ் கூட்டங்களை எடுத்தார்கள். முந்தைய சுற்றுகளை வைத்து 1989லும் 1993லும் சரிவு வரும் என்று கணித்தார்கள். இரண்டு கூட்டங்களுக்கு இரண்டு முறையும் மருந்து, இரண்டுக்கு 1989இல் மட்டும், இரண்டுக்கு ஒன்றுமே கிடையாது. ராத்திரியில் மூருக்குப் போய், விளக்கு வெளிச்சத்தில் பறவையைத் திகைக்க வைத்து, வலையால் பிடித்து, வாயில் லெவாமிசோல் ஊற்றி விடுவது. நம் ஊரில் ஆட்டுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். மருந்து போடாத இடங்களில் சொன்னபடி சரிவு வந்தது. மருந்து போட்ட வருடத்தில் போட்ட இடங்களில் சரிவு பெரிதும் அடங்கியது. ஒரு முறை மட்டும் போட்ட கூட்டங்கள் அடுத்த முறை சரிந்தன. 1998இல் 'சயின்ஸ்' இதழில் இது வந்தபோது, காட்டு விலங்கின் எண்ணிக்கைச் சுற்றை ஒரு ஒட்டுண்ணி உண்டாக்குகிறது என்பதற்குக் களத்தில் கிடைத்த மிகத் தெளிவான சான்றாக அதைப் பார்த்தார்கள்.

எதிர்ப்பும் உடனே வந்தது, வர வேண்டியதுதான். முக்கியமான ஆட்சேபம் அந்த வேட்டை நோட்டைப் பற்றியது. பறவை குறைவாக உள்ள வருடத்தில் பண்ணைக்காரர் வேட்டையையே நிறுத்திவிடுவார், நோட்டில் பூஜ்யம் விழும், ஆனால் மூரில் பூஜ்யம் இல்லையே! ஆக நோட்டில் தெரியும் சரிவு உண்மையான சரிவைவிடப் பெரிதாகத் தெரியும், மருந்து தடுத்ததும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும். நியாயமான கேள்வி. 2003இல் பிரான்சுவா மூஜோவும் ஸ்டீவ் ரெட்பாத்தும் மற்றவர்களும் வயதான சேவல்களுக்கு இலையுதிர் காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்துச் சண்டைக்குணத்தை ஏற்றிப் பார்த்தார்கள், அந்தக் கூட்டங்களின் போக்கே மாறிவிட்டது. சண்டைக் கட்சிக்கும் ஆதாரம் உண்டு என்று ஆனது. 2006இல் ரெட்பாத் குழுவினர் புழுநீக்கச் சோதனையை வேறு இடங்களில் திரும்பச் செய்தபோது, புழு எண்ணிக்கையைப் பாதிக்கிறது, ஆனால் அது மட்டுமே முழுச் சுற்றையும் விளக்கவில்லை என்று முடிந்தது. அப்புறம் டெஸ்டோஸ்டிரோன் ஏறிய சேவலுக்குப் புழுவும் அதிகம் ஏறுகிறது என்று தெரிந்தபோது, இரண்டு கட்சிகளும் ஒரே வண்டியின் இரண்டு சக்கரங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்களோ என்ற எண்ணம் வராமல் போகாது. இசபெல்லா கட்டடோரியும் ஹட்சனும் மற்றவர்களும் 2005இல் வானிலையையும் இதில் சேர்த்தார்கள். மே மாதமும் ஜூலை மாதமும் எப்படி இருக்கின்றன என்பது புழு பரவுவதைத் தீர்மானித்து, தூரத்தூர மூர்களையும் ஒரே சமயத்தில் ஏறி இறங்க வைக்கிறது.

இதனால் நடைமுறையில் என்ன நடந்தது என்றால், பண்ணைக்காரர்கள் மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கிரௌஸ் ஹெதரை அரைக்க இரைப்பைக்குள் சிறு கற்களைப் போட்டுக்கொள்ளும், நம் வீட்டுக் கோழி மணலைப் பொறுக்குவது போல. அந்தக் கல்லிலேயே கொழுப்பும் ஃபுளூபெண்டசோல் மருந்தும் பூசி, தட்டுகளில் மூர் முழுக்க வைத்துவிடுகிறார்கள். இறைச்சியில் மருந்து தங்கக் கூடாது என்பதால் வேட்டைக்கு 28 நாள் முன்பாவது எடுத்துவிட வேண்டும் என்பது விதி. பறவைகள் பெருகின, சரிவுகள் தள்ளிப்போயின. ஆனால் நெருக்கமாக வாழும் பறவைகளுக்கு வேறு நோய் வருகிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் கண்ணும் முகமும் வீங்கும் நோய் 2010இல் முதன்முதலாகக் காட்டுக் கிரௌஸில் கண்டறியப்பட்டது. பல பறவைகள் ஒரே தட்டில் வாய் வைப்பதும் அதற்கு வழிசெய்கிறதோ என்ற சந்தேகம் இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை மருந்து பலிக்காமல் போவது. ஃபுளூபெண்டசோல், நம் ஆடுகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் எல்லாம் ஒரே குடும்பம். ஆட்டின் இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு கிரௌஸ் புழுவுக்கு நெருங்கிய உறவு, அது இந்த மருந்துகளைத் தாண்டப் பழகிவிட்டதை உலகம் முழுதும் ஆடு வளர்ப்பவர்கள் பார்த்துவிட்டார்கள், நம் ஊரிலும்தான். தேவை இருக்கிறதா என்று பாராமல், மொத்த மந்தைக்கும், வருடா வருடம், ஒரே மருந்து என்று போனால் தாங்கக்கூடிய புழுக்கள் மட்டும் மிஞ்சும். மூரில் வருடம் முழுக்க மருந்துக் கல் வைப்பதும் அதே வழிதான். அதனால் கண்ணை மூடிக்கொண்டு மருந்து வைக்காதீர்கள், முதலில் எண்ணுங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இலையுதிர் காலத்தில் சுட்ட பறவைகளில் சிலவற்றின் குருட்டுக்குடலை எடுத்து, நீளவாக்கில் பிளந்து, சல்லடை மேல் கழுவி, கழுவிய நீரில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அதிலுள்ள புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணி, மொத்தத்துக்குப் பெருக்கிக்கொள்கிறார்கள். பறவைக்குச் சில நூறு என்றால் அந்த வருடம் கல் வேண்டாம். ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டு போனால்தான் வசந்தத்துக்கு முன் தட்டு வெளியே வரும்.